வாஷ் பேசின் சில்லு, மயிரிழை விரிசல்: மலைக் குளிரில் ஒட்டுவது எப்படி?

தேயிலைமேடு (கோத்தகிரி) – ஜனவரி 6, காலை 8:20

சுவரில் மாட்டிய வெள்ளை வாஷ் பேசின். முன் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. நீளம் 8 மி.மீ., அகலம் 5, ஆழம் ஏறக்குறைய 2. தண்ணீர் இறங்கும் ஓட்டையிலிருந்து மேல்நோக்கி 4 செ.மீ. நீளத்துக்கு மயிரிழை விரிசலும் இருக்கிறது. ஒழுகல் இல்லை.

சில்லில் இரண்டு டியூப் எபாக்சிப் பசை (ஒன்றில் ரெசின், மற்றதில் அதை இறுக வைக்கும் ஹார்டனர்) கலந்து வைத்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் நகம் பதிகிறது. மேலே எண்ணெய் தடவின மாதிரி வழுக்குகிறது. குளியலறையில் காலை 9 டிகிரி, மதியமும் 15-ஐத் தாண்டுவதில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாயிற்று. சுரண்டிவிட்டு மறுபடி போடலாமா, பேசினையே மாற்ற வேண்டுமா?

நந்தவனம் (ஊட்டி) – ஜனவரி 6, காலை 9:05

இதுக்கு ஏன் இவ்வளவு? எம்-சீல் உருண்டை ரெண்டையும் பிசைந்து அமுக்கி, மேலே வெள்ளை நெயில் பாலிஷ் ரெண்டு கோட். முடிந்தது வேலை.

பாட்டில்டிராப் (குன்னூர்) – ஜனவரி 6, காலை 10:40

தேயிலைமேடு, அந்தக் "கொஞ்சம் கூடுதலாக"தான் வினை. கார் பட்டியில் ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகும், ஏனென்றால் அங்கே அது வெறும் தூண்டி, நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். எபாக்சியில் அப்படி இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று கைகோத்துத்தான் திடப்பொருள் ஆகின்றன. மிஞ்சின ஹார்டனருக்குக் கோக்க ஜோடி கிடைக்காது. பத்து நாள் விட்டாலும் அது பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

இந்த மாதிரி இரண்டு டியூப் பசையில் அளவு பெரும்பாலும் சம நீளம், சம கன அளவு. எடை போட்டுக் கலப்பவர்கள் மட்டும் கவனிக்க: சாதாரண (மெதுவாக இறுகும்) அரால்டைட் எபாக்சியில் 100 கிராம் ரெசினுக்கு 80 கிராம் ஹார்டனர். 180 கிராம் பெட்டி 100 + 80 என்று வருவது அதனால்தான். கன அளவில் இரண்டும் சமம்.

அடுத்தது குளிர். 25 டிகிரியில் ஒரு நாளில் இறுகுவது 15 டிகிரியில் இரண்டு நாள் கேட்கும். பத்து டிகிரி இறங்கினால் நேரம் இரட்டிப்பு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 10-க்குக் கீழே போனால் பெரும்பாலான வீட்டு எபாக்சிகள் கிட்டத்தட்ட உறங்கிவிடும். பெட்டியில் அச்சடித்த நேரமெல்லாம் கீழ்நாட்டு வெயிலுக்கு எழுதினது. ஜனவரி மாதக் கோத்தகிரிக்கு அது பொருந்தாது.

எண்ணெய் மாதிரி வழுக்கும் படலம் வேறு சங்கதி. ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், இறுகும் முன்னே காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோலப் படிகிறது. குளிரும் மூடுபனியும் சேர்ந்த நாளில் இது எளிதில் வரும். அதன்மேல் அடுத்த பூச்சு போட்டால் பட்டை பட்டையாக உரியும். வெந்நீரில் சோப்பு கரைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். தின்னரைத் தொட்டுத் துடைத்தால் சரியாகப் போகாது, தண்ணீர்தான் வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. போட்டதை முழுக்க எடுத்துவிடுங்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் இளகும், பல்குச்சியாலும் பழைய பிளேடாலும் வழித்துவிடலாம். ஒட்டிக்கிடப்பதை அசிட்டோன் தொட்ட பஞ்சால் எடுங்கள். மணம் போட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கும். சில்லு ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் கிளேஸ் (பேசின்மேல் உள்ள கண்ணாடிப் பூச்சு) செதில்களை ஊசி முனையால் தட்டி விழ வையுங்கள். விட்டு வைத்தால் ஒட்டு அந்தச் செதிலைப் பிடித்துக்கொள்ளும், பேசினைப் பிடிக்காது. குழியின் அடிப்பரப்பை 120-ஆம் நம்பர் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேயுங்கள். சுற்றி 2 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப்.

அதன் பிறகு உலர்த்துவது. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பேசின் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் சேர்த்து 1200 டிகிரிக்கு மேல் சுட்டது, தண்ணீர் குடிக்காது என்பார்கள். நூற்றுக்கு அரை பங்குக்கும் கீழேதான் குடிக்கும், உண்மை. ஆனால் உங்கள் சிக்கல் குடித்த நீரில் இல்லை, மேலே படியும் பனித்துளியில் இருக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்த பேசின்மேல் யாராவது வெந்நீரில் குளித்து ஆவி கிளப்பினால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்காரும். ஆகவே குளியலறையை ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தாமல் விடுங்கள். குழாயையும் ஒழுகாமல் அடையுங்கள். ஒட்டுவதற்கு முன் 20-25 செ.மீ. தள்ளி ஹேர் டிரையர் பிடித்துப் பத்து நிமிடம் அந்தப் பகுதியைச் சுற்றிலும் சூடாக்குங்கள். புறங்கை வைத்தால் இதமாக இருக்கணும், 35-40 டிகிரி. ஒரே புள்ளியில் பிடிக்காதீர்கள், ஏற்கெனவே விரிசல் இருக்கிற பேசின்.

ரெசின் டியூப் அலமாரியில் குளிர்ந்து, பிதுக்கினால் தேன் உறைந்த மாதிரி நரநரவென்று வருகிறதா? அது கெட்டுப்போகவில்லை, படிகம் கட்டியிருக்கிறது. டியூபை மூடியோடு 50-60 டிகிரி வெந்நீரில் நிறுத்தி வையுங்கள், தெளிந்துவிடும். ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். நரநரப்போடு கலந்தால் அந்த மணிகள் இறுகாமலே உள்ளே கிடக்கும்.

இவ்வளவு சின்னக் குழிக்குத் துவரம்பருப்பு அளவுதான் தேவை. ஆனால் அவ்வளவே கலந்தால் விகிதம் தவறிவிடும். இரண்டிலும் 2-3 செ.மீ. கோடு பிதுக்கி, உடைந்த டைல் துண்டின் மேல் இரண்டு நிமிடம் கலக்குங்கள். மீதி வீணாகட்டும். அட்டையில் கலக்க வேண்டாம், அது ரெசினை உறிஞ்சும். கலக்கும்போது தட்டிக்கொண்டே மடக்கி மடக்கித் தேயுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக்குமிழி வரும், மெருகு போடும்போது அதெல்லாம் ஊசிக்குத்தாகத் தெரியும்.

நந்தவனம் – ஜனவரி 6, காலை 11:15

எம்-சீலும் எபாக்சிதானே அண்ணே. அது மட்டும் ஏன் ஆகாது?

பாட்டில்டிராப் – ஜனவரி 6, மதியம் 12:00

ஆகாது என்று சொல்லவில்லை. பேசினுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், குழாய் மூட்டில் அதுதான் சௌகரியம். 2 மி.மீ. குழிக்கு அது சரிவராததற்குக் காரணம் இரண்டு. பிசைந்த உருண்டை கெட்டியானது, குழியின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலே உட்காரும். ஓரம் எடுப்பாக நிற்கும், ஒரு மாதத்தில் அந்த ஓரத்தில் அழுக்கு கறுப்புக் கோடு போடும். நிறமும் பேசின் வெள்ளைக்கு ஒட்டாது, அதனால்தான் நீங்கள் நெயில் பாலிஷுக்குப் போகிறீர்கள். நெயில் பாலிஷ் தண்ணீரும் தேய்ப்பும் படாத இடத்தில் நிற்கும். பேசின் விளிம்பில் சோப்பும் ஸ்க்ரப்பரும் பட்டுச் சில வாரத்தில் செதிலாக உரியும்.

சாயப்பொடி (கொடைக்கானல்) – ஜனவரி 6, மாலை 4:30

நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எபாக்சிக்குள்ளேயே நிறம் கலப்பதுதான் சரி. அடிப்படை டைட்டானியம் டையாக்சைடு பொடி, பெயின்ட் மூலப்பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். கலவையின் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும், இரண்டு கிராம் பசைக்கு 0.2 கிராம். அதற்கு மேல் போனால் பசை மாவாகி ஒட்டும் தன்மை குறையும். கெட்டித்தன்மை வேண்டுமென்றால் சலித்த மார்பிள் பொடி சேருங்கள், சரிவான விளிம்பில் வழியாமல் நிற்கும்.

சுத்த வெள்ளை பேசின் என்று எதுவும் கிடையாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று நீலம் சாய்ந்திருக்கும், ஒன்று மஞ்சள் சாய்ந்திருக்கும். சிவப்புத் தரை போடுபவர்கள் வைத்திருக்கும் ஆக்சைடு பொடிகளே இதற்கும் போதும். மஞ்சள் ஆக்சைடு பல்குச்சி நுனியில் ஒட்டுமளவு போட்டால் தந்த நிறம் வந்துவிடும். கறுப்பு அதில் பாதி. கண்ணை நம்பி ஒரே தடவையில் போடாதீர்கள், திருப்பி எடுக்க முடியாது. இரும்பு ஆக்சைடு வெயிலில் வெளுக்காது, சுவருக்கு அடிக்கும் ஸ்டெய்னர் சில நிறங்களில் வெளுக்கும்.

ஒத்துப்பார்க்க மாஸ்கிங் டேப் துண்டில் தடவி பேசின்மேல் ஒட்டிப் பாருங்கள். குழல் விளக்கில் பார்க்காதீர்கள், ஜன்னல் வெளிச்சம் வேண்டும். மூடுபனி இறங்கின மதியம் இதற்கு அருமையான நேரம். நிழல் விழாத, மஞ்சள் அடிக்காத வெளிச்சம். பனி எபாக்சிக்கு எதிரி, நிறத்துக்கு நண்பன்!

ஒரு குறை முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். எபாக்சி நாள்பட மஞ்சளாகும். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் என்றால் ஒன்றிரண்டு வருஷத்தில் தந்த நிறத்துக்கு வந்துவிடும். மலை வெயிலில் புற ஊதா அதிகம். அதனால் ஆரம்பத்தில் அரைப் பங்கு வெளுப்பாகவே கலந்தால் தோது.

பாட்டில்டிராப் – ஜனவரி 6, மாலை 6:10

நிறம் சொன்னதற்கு நன்றி. மீதியைத் தொடர்கிறேன்.

குழியில் வைக்கும்போது மேல்மட்டத்தைவிட ஒரு மயிரிழை மேடாக நிற்கட்டும், இறுகும்போது சற்று உள்வாங்கும். தட்டையான இடமென்றால் மேலே செல்லோ டேப்பை இழுத்து ஒட்டிவிடுங்கள். எபாக்சி அதில் ஒட்டாது, உரித்தெடுத்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்துவிடும், மெருகு வேலை பாதி மிச்சம். வளைந்த விளிம்பில் டேப் சுருங்கும், அங்கே திறந்தே விடுங்கள்.

பிறகு சூடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 60 வாட் குண்டு பல்பை 30 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, பேசின் கிண்ணத்துக்குள் சில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் நீரை மாற்றினால் முதல் ஆறு மணி நேரத்தைக் கடத்திவிடலாம். அந்த ஆறு மணி நேரம்தான் உயிர்நாடி. வெயில் வரும் பக்கமாக இருந்தால் பதினொரு மணிக்கு ஆரம்பிப்பது உத்தமம்.

ரப்பர் பதத்துக்கு வந்ததும், அதாவது நகம் குத்தினால் பதியும் ஆனால் ஒட்டாது என்ற நிலையில், புதுச் சவர பிளேடைப் படுக்கப் பிடித்து மேட்டை மட்டும் சீவுங்கள். வெண்ணெய் சீவுவதுபோல வரும். இந்தப் பதத்தைத் தவறவிட்டால் கல்லைத் தேய்க்க வேண்டியதுதான்.

முழுக்க இறுக இரண்டு நாள் விட்டு, 600, 1000, 2000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். சுற்றியுள்ள கிளேஸில் படக் கூடாது. வாட்டர் பேப்பரின் கரகரப்பு சிலிக்கான் கார்பைடு, கிளேஸைவிடக் கடினம். ஒருதரம் மங்கின கிளேஸ் திரும்பப் பளபளக்காது. பென்சிலின் பின்பக்க ரப்பரில் சின்னத் துண்டாக ஒட்டித் தேய்த்தால் விரல் வழுக்காது. கடைசியில் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டு.

இங்கே ஏழு நாள் கழித்துத் தண்ணீர் படலாம். கொதிநீர் எப்போதுமே வேண்டாம். குளிரில் இறுகின எபாக்சி 50-60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

தேயிலைமேடு – ஜனவரி 7, காலை 7:50

சில்லு புரிந்தது. அந்த 4 செ.மீ. விரிசல்? அதையும் இதே பசையால் மெழுகிவிடலாமா?

மண்கலம் (வெலிங்டன்) – ஜனவரி 7, காலை 9:30

மெழுகுவதற்கு முன்னால் அது எப்படிப்பட்ட விரிசல் என்று பாருங்கள். சந்தையில் பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பாரே, அதே சோதனை. ஸ்பூன் காம்பால் விளிம்பை லேசாகத் தட்டுங்கள். கணீரென்றால் விரிசல் கிளேஸோடு நிற்கிறது. தட்டையாக "டொக்" என்றால் உடம்புக்குள் ஊடுருவிவிட்டது.

அடுத்து பேனா மையோ, துணிக்குப் போடும் நீலமோ ஒரு சொட்டு விரிசல்மேல் விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மை உள்ளே இறங்கிக் கோடு தெளிவாகும். இப்போது பேசினுக்கு அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியிலும் நீலக் கோடு தெரிந்தால் அது மேலிருந்து அடிவரை ஊடுருவிய விரிசல். இரண்டு பக்கமும் பெருவிரல் வைத்து அழுத்தும்போது கோடு அகலமானால் அது உயிருள்ள விரிசல், எந்தப் பசையும் நிற்காது. மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் இறங்கும் ஓட்டையில் ஆரம்பிக்கும் விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் வேஸ்ட் கப்ளிங்கின் (அந்த ஓட்டையில் மாட்டும் வடிகால் இணைப்பு) பெரிய நட்டைப் பைப் ரிஞ்சால் முறுக்கினது. அடியில் ரப்பர் வாஷர் போட்டு, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். ஒழுகினால் வாஷரை மாற்றணும், மேலும் முறுக்கக் கூடாது. செராமிக் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. முறுக்கும்போது ஓட்டையைச் சுற்றி வருவது இழுப்பு.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. இரவெல்லாம் 5 டிகிரியில் கிடந்த பேசினில் காலையில் கீசர் நீர் 60 டிகிரியில் ஒரே இடத்தில் கொட்டுகிறது. நீர் பட்ட இடம் விரிகிறது, சுற்றியுள்ள இடம் விரியவில்லை. ஏற்கெனவே முறுக்கின அழுத்தம் இருக்கிற இடத்தில் கோடு விழுகிறது. முதலில் குளிர்நீரைத் திறந்துவிட்டு வெந்நீரைக் கலப்பது பேசினுக்கு நல்லது.

உயிரற்ற விரிசல் என்றால் வைத்தியம் இது. முதலில் வேஸ்ட் கப்ளிங்கைத் தளர்த்திக் கழற்றுங்கள், அழுத்தம் இருக்கும்போது ஒட்டக் கூடாது. சோதனைக்கு விட்ட மையை முழுக்கக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தடவி, ஒரு நாள் உலர விடுங்கள். அடிப்பக்கத்தை டிரையரால் 40 டிகிரி வரை சூடாக்கி, நிறம் சேர்க்காத தெளிந்த எபாக்சியை மேல்பக்கம் விரிசல்மேல் கோடாக வையுங்கள். சூட்டில் பசை நீர்த்து விரிசலுக்குள் இறங்கும். ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே மிஞ்சினதை ஸ்பிரிட் துணியால் துடைத்துவிடலாம், நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடிப்பக்கம்தான் பலம். அங்கே பெரும்பாலும் கிளேஸ் சரியாக ஓடியிருக்காது, சொரசொரப்பாக இருக்கும், பசைக்கு அதுதான் வேண்டும். 5 செ.மீ. அகல ஃபைபர் கிளாஸ் துணியை விரிசல் முனையைத் தாண்டி 3 செ.மீ. வரை போகும்படி வெட்டி, எபாக்சியில் நனைத்து ஒட்டுங்கள். முதல் பட்டை பிசுபிசுக்கும்போதே இரண்டாவது பட்டை. கிளேஸ் ஓடியிருந்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்துவிட்டு ஒட்டவும்.

விரிசல் முனையில் துளை போட்டால் நீளாது என்று சிலர் சொல்வார்கள். தகரத்துக்கும் கண்ணாடியிழைக்கும் அது சரி. சுட்ட பீங்கானில் வீட்டு டிரில்லால் முயன்றால் துளையே புது விரிசலைப் பெற்றுவிடும்.

சில்வர்ஓக் (கூடலூர்) – ஜனவரி 7, மதியம் 1:10

மண்கலம் சார், வெஸ்டர்ன் டாய்லெட்டின் அடியில், தரையோடு பிடிக்கும் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரிசல். இதே ஃபைபர் கிளாஸ் வைத்தியம் செய்யலாமா?

மண்கலம் – ஜனவரி 7, மதியம் 2:00

வேண்டாம். மாற்றுங்கள். வாஷ் பேசின் உடைந்தால் தண்ணீர்தான் கொட்டும். டாய்லெட்மேல் ஆள் உட்காருகிறார். உடைந்த பீங்கானின் விளிம்பு கத்தியைவிடக் கூர்மை, தொடையில் இறங்கினால் நரம்பும் ரத்தக்குழாயும் போகும். விளிம்பின் வெளிப்பக்கச் சில்லு, மூடிக்கு அடியில் கீறல் இதெல்லாம் ஒட்டலாம். உட்காரும் பாரம் இறங்கும் இடம், நீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழ், ஃப்ளஷ் டேங்கின் நீர்மட்டத்துக்குக் கீழ்: இந்த மூன்றிலும் பசை பேச்சே இல்லை.

புதிது வைக்கும்போது சிமென்ட் கலவையில் அப்படியே புதைக்காதீர்கள். கலவை இறுகும்போது அசையும், டாய்லெட்டின் அடிப்பகுதி அசையாது, அங்கேதான் இந்த விரிசல் பிறக்கிறது. பிளாஸ்டிக் வாஷர் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசினால் போதும். பின்பக்கம் இரண்டு விரல் அகலம் பூசாமல் விடுங்கள், உள்ளே ஒழுகினால் அந்த வழியாகத் தெரியவரும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வந்தால் வைக்கோல் கட்டி, வண்டியில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவில் உருண்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு வந்து சேரும். இறக்கினதும் தட்டிப் பார்த்துவிட்டே பில்லில் கையெழுத்து.

பழையபங்களா (குன்னூர்) – ஜனவரி 7, இரவு 8:45

ஹோம்ஸ்டே குளியலறையில் பழங்காலத் தொட்டி. விளிம்பில் நாணய அளவுக்குப் பெயர்ந்து, நடுவில் கறுப்பும் துருவும். இதற்கும் டைட்டானியம் கலந்த எபாக்சிதானா?

பாட்டில்டிராப் – ஜனவரி 7, இரவு 9:20

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது வார்ப்பிரும்பு அல்லது எஃகுத் தகடு, மேலே கண்ணாடிப் பூச்சு மட்டும்தான் செராமிக். அப்படியானால் முதல் வேலை துரு. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, கழுவி, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, உடனே டிரையரால் உலர்த்துங்கள். மூடுபனி நாளில் ஒரு மணி நேரம் விட்டால் மறுபடி செம்பழுப்பு பிடிக்கும். உலோகத்துக்கான எபாக்சி பிரைமர் ஒரு பூச்சு, அதன்பின் நிறம் கலந்த எபாக்சி இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் கனமாகப் போட்டால் நடுவில் சுருக்கம் விழும்.

பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். நீர் தொட்டுத் தேய்த்து, கசடைத் துணியில் வழித்து எறியுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

நந்தவனம் – ஜனவரி 8, காலை 7:30

பழைய சமையலறை சிங்க்கில் சிலந்தி வலை மாதிரி நுண்கோடுகள், தேயிலைச் சாறு ஏறி பழுப்பாக இருக்கிறது. இதுவும் விரிசல்தானா?

மண்கலம் – ஜனவரி 8, காலை 8:40

அது கிளேஸ் மட்டும் வெடிப்பது. பழைய சிங்க்குகள் பலவும் தீக்களிமண்ணால் ஆனவை. இப்போதைய பேசினைவிட அதிகம் நீர் குடிக்கும். வருஷக்கணக்கில் ஈரம் ஏறி உடம்பு ஊதுகிறது. மேலே உள்ள கண்ணாடிப் பூச்சுக்கு ஊதத் தெரியாது, இழுபட்டு வலையாகக் கீறுகிறது. இதைச் சரிசெய்ய வழியில்லை, கறையை எடுக்கலாம். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு (6 சதவீதம்) நனைத்த பஞ்சைப் பரப்பி, மேலே ஈரத்துணி மூடி ஒரு இரவு விடுங்கள். தேயிலைக் கறை நன்றாகவே வெளுக்கும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போட வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும், ஜன்னலைச் சாத்தி வைக்கும் மலைக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சாம்பல் நிறக் கீறல்களும் இருந்தால் அதில் பெரும்பாலானவை கீறலே இல்லை. எவர்சில்வர் பாத்திரம் உரசி உலோகம் ஒட்டியிருக்கிறது. கிளேஸ் எஃகைவிடச் சற்றுக் கடினம், அதனால் எஃகுதான் தேய்ந்து கோடு போடுகிறது. ஆக்சாலிக் அமிலப் பொடி ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, கையுறையோடு துணியால் தேய்த்தால் போகும். இரும்புச்சத்துக் கறைக்கும் அதுவே மருந்து. நம் மலைப் பாறை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை, ஊற்றுநீரில் சுண்ணாம்பு குறைவு. கீழ்நாட்டில் பேசினில் படியும் வெள்ளைப் பொருக்கு இங்கே அரிது. எனவே ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தையே விட்டுவிடலாம். அது டைல் இடுக்கின் சிமென்டைத்தான் தின்னும்.

சில்வர்ஓக் – ஜனவரி 8, காலை 10:15

பேசினுக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளை சிமென்ட் வைத்தது உதிர்கிறது, இடுக்கில் கறுப்புப் பூஞ்சை. எபாக்சி வைக்கலாமா?

பாட்டில்டிராப் – ஜனவரி 8, காலை 11:00

அங்கே எபாக்சியும் சிமென்டும் இரண்டும் தப்பு. பேசின் அசையும், சுவர் அசையாது. அசையும் மூட்டுக்கு சிலிக்கான். இங்கே நம் ஊர் ஈரம் கைகொடுக்கும், ஏனென்றால் சிலிக்கான் இறுகுவதே காற்றின் ஈரத்தால். நாளொன்றுக்கு 2-3 மி.மீ. ஆழம் இறுகும், கடுங்குளிரில் அதைவிடக் குறைவு. பூஞ்சைத் தடுப்பு சேர்த்த சானிடரி வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய சிலிக்கான் இருந்தால் ஒரு பொட்டு விடாமல் வழிக்கணும், புதியது பழையதன்மேல் பிடிக்காது. பூஞ்சையை வெளுத்துவிட்டு நன்றாக உலர்ந்தபிறகே பூச்சு. இரண்டு பக்கமும் டேப், டியூப் நுனியை 45 டிகிரியில் 5 மி.மீ. வாய் வரும்படி வெட்டி, ஒரே இழுப்பு, சோப்பு நீர் தொட்ட விரலால் ஒரே தடவல், தோல் கட்டும் முன்பே டேப்பை உரித்தல். ஐந்து நிமிட வேலை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வரும் இடத்தில் மட்டும் புளிக்காடி வாசனை அடிக்காத நியூட்ரல் வகை, மற்றது கண்ணாடியின் பின்பூச்சைத் தின்றுவிடும்.

சாயப்பொடி – ஜனவரி 8, மதியம் 12:30

டைல்ஸ் பற்றியும் ரெண்டு வரி. டவல் ஸ்டாண்டு கழற்றின 8 மி.மீ. துளைக்கு வெள்ளை சிமென்ட் மட்டும் அடைத்தால் சுருங்கி வட்டம் தெரியும். உள்ளே பேப்பர் திணித்து 4 மி.மீ. ஆழம் மட்டும் மீதம் வைத்து, நிறம் கலந்த எபாக்சியால் நிரப்பி டேப் ஒட்டுங்கள். பூப்போட்ட டைல் என்றால் முதலில் அடிநிறத்தை நிரப்பி, இறுகினபின் ஆக்சைடு கலந்த எபாக்சியைப் பல்குச்சியால் தொட்டு வைக்கலாம்.

தரை டைலில் கோணமாக விரிசல் விழுந்து, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டால் மேலே பூசிப் பயனில்லை. இடுக்கில் 4 மி.மீ. துளை போட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் நீர்த்த சிமென்ட் பாலை எதிர்த் துளையில் வெளிவரும்வரை செலுத்துங்கள். மேலே பாரம் வைத்து இரண்டு நாள் மிதிக்காமல் விடவும்.

தேயிலைமேடு – ஜனவரி 8, மாலை 5:40

நிறைய நன்றி. கடைசியாக ஒன்று. குண்டு பல்பு கோத்தகிரியில் கிடைக்கவில்லை. வீட்டில் கரிக் கணப்பு இருக்கிறது. ராத்திரி குளியலறையில் வைத்து மூடிவிட்டால் சூடு நிற்குமே?

பாட்டில்டிராப் – ஜனவரி 8, மாலை 5:48

வேண்டாம், வேண்டவே வேண்டாம். மூடின அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனை தெரியாது, உள்ளே போகிறவரையே சாய்த்துவிடும். வெந்நீர்ப் பை வையுங்கள். இல்லாவிட்டால் பேசினைச் சுற்றி அட்டைப்பெட்டி கவிழ்த்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, டிரையரை மணிக்கு ஐந்து நிமிடம் குறைந்த சூட்டில் ஊதுங்கள். பெட்டிக்குள் சூடு தங்கும். டிரையரை உள்ளே வைத்துவிட்டு நகரக் கூடாது.

மண்கலம் – ஜனவரி 8, மாலை 6:05

விரிசலை முதலில் முடித்துவிட்டு சில்லுக்குப் போங்கள். மாற்றிச் செய்தால், அடிப்பக்கம் சூடாக்கும்போது சில்லில் புதிதாக வைத்த பசை இளகிவிடும். வேஸ்ட் கப்ளிங்கை ஏழாம் நாள் மாட்டுங்கள், புது ரப்பர் வாஷரோடு.

சாயப்பொடி – ஜனவரி 8, மாலை 6:20

டியூபுகளை மூடும்போது ரெசின் மூடி ரெசினுக்கே, ஹார்டனர் மூடி ஹார்டனருக்கே போகணும். மாறினால் மூடி அங்கேயே இறுகிக்கொள்ளும், அடுத்த தடவை டியூபைக் கத்தியால்தான் கிழிக்கணும். மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் "ரெ", "ஹா" என்று எழுதி வையுங்கள்.